வெறுங்காலில் ஆறு கிலோமீட்டர்

இன்று பிப்ரவரி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எழுபத்தொன்பது வயதும் மூன்று மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன. இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் உண்டு. காலையில் நம் கேட்டுக்கு வெளியே தண்ணீர்ப் புட்டி கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி என்னைப் பார்த்து, "அம்மச்சிக்கு எண்பத்தஞ்சு இருக்கும் அல்லே?" என்று அன்பாகக் கேட்டாள். அன்பாகக் கேட்கப்படும் தவறான கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. உங்களுக்கு எழுதும்போதாவது சரியான கணக்கு இருக்கட்டும்.

விடிவதற்கு முன்பே ஜன்னல் வழியாக மெத்தில் சாலிசிலேட்டின் வாடை வந்துவிட்டது. ஓடுகிறவர்கள் தொடையிலும் முழங்காலிலும் பீய்ச்சிக்கொள்ளும் வலி மருந்தில் இருப்பது அதுதான். முப்பத்திரண்டு ஆண்டுகள் பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்தியவளுக்கு அது ஆய்வுக்கூடத்தை நினைவூட்டியிருக்க வேண்டும். உங்கள் முழங்காலை நினைவூட்டியது. இறந்து ஆறு ஆண்டுகளான ஒரு கணவருடைய முகத்துக்கு முன்னால் அவருடைய முழங்கால் நினைவுக்கு வருவது மரியாதையான விஷயமில்லை. என்ன செய்வது, வந்தது.

இந்த ஆண்டு ஓட்டத்தின் பாதையைக் கரமனை வழியாகத் திருப்பியிருக்கிறார்கள். 'பாரம்பரிய மாரத்தான்' என்று பெயர். கோட்டை, அரண்மனை, பழைய தெருக்கள் எல்லாவற்றின் வழியாகவும் ஓடுவதால் ஓடுகிறவர்களுக்குப் பாரம்பரியம் ஒட்டிக்கொள்ளும் என்று ஏற்பாடு செய்தவர்கள் நம்புகிறார்கள். போன வாரம் நம் தெருச் சங்கத்தின் செயலாளர் பிந்து வந்தாள். நீங்கள் இருந்த காலத்தில் அவள் மாடிவீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள். இப்போது தெருவே அவள் கையில்.

"டீச்சரே, ஞாயிறாழ்ச்ச காலம்பற கேட்டுல வந்து ஒண்ணு நின்னா போரும். ஓடுறவங்களுக்கு ஒரு சந்தோஷம்."

"நான் நின்னா அவங்களுக்கு என்ன சந்தோஷம்?"

"அது... பழைய வீடு, பழைய ஆளு. போட்டோவுல நல்லா வரும் கேட்டோ. டீச்சர் கையில பழைய பட்டுப்புடவை உண்டல்லோ?"

"உண்டு. அதைக் கட்டிக்கிட்டு என்ன செய்யணும்? உரல்ல நெல்லு குத்தணுமா?"

பிந்து முகத்தைத் திருப்பி முற்றத்தைப் பார்த்தாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். உரல் எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் பட்டுக் கட்டவில்லை, கைதட்டவும் இல்லை. பால் எடுக்கப் போனவள் திரும்பி வர வழியில்லாமல் பத்து நிமிடம் நின்றேன், அவ்வளவுதான். செண்டைக்காரர்களை வேறு வரவழைத்திருந்தார்கள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் மருந்துக்கடைக்கு ஆட்டோ பிடிக்கிற மனிதர்கள் ஆயிரம் பேர், ஒரே நிறச் சட்டையில், ஏதோ பெரிய ஆபத்திலிருந்து தப்பிக்கிற பாவனையோடு நம் வீட்டைத் தாண்டி ஓடினார்கள். பாதிப் பேர் ஓடிக்கொண்டே தங்களைப் படமெடுத்துக்கொண்டார்கள். ஒருவர் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை நம் மதிலின்மேல் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். கீழே போடாமல் வைத்தது அவருடைய பண்பாடு போலும்.

இதற்கெல்லாம் மாரத்தான் என்று பேர். மாரத்தான் என்பது நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் சொச்சமும். இங்கே பெரும்பாலானவர்கள் ஓடுவது இருபத்தொன்று. குழந்தைகுட்டிகளோடு பொழுதுபோக்க வருகிறவர்களுக்கு ஐந்து, அதற்குக் 'குடும்ப மாரத்தான்' என்று பேர். அரை இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு இட்லி பரிமாறினேன் என்று எந்த ஓட்டல்காரரும் சொல்லமாட்டார். நீங்கள் மட்டும் கடைசிவரை, "நான் மாரத்தான் ஓடினவனாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்திலிருந்து "பாதி" என்று திருத்தினேன். நம் கல்யாண வாழ்க்கையின் கடைசி ஏழாண்டுகளில் நான் அதிகம் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும்.

உங்களை ஓட்டக்காரராக்கியது ஓய்வு. சாலைக் கம்போளம் என்கிற கடைவீதியில் நாற்பதாண்டுக் காலம் பூட்டும் கீலும் ஆணியும் கயிறும் விற்றவர் அறுபத்தாறு வயதில் கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்தீர்கள். மூன்று வாரத்தில் வீட்டிலிருந்த எல்லாக் கதவுகளின் கீல்களுக்கும் எண்ணெய் விட்டு முடித்தாயிற்று. நான்காவது வாரம் சமையலறையில் என் பின்னால் வந்து நின்று, புளியை ஏன் இவ்வளவு நேரம் ஊறவைக்கிறேன் என்று கேட்டீர்கள். அடுத்த நாள் காலை உங்களை வெளியே அனுப்பியது நான்தான். "போய் நாலு பேரோட நடந்துட்டு வாங்க" என்றேன். நடக்கத்தான் சொன்னேன். ஓடச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மியூசியம் வளாகத்தில் உங்களுக்குக் கிருஷ்ணன் நாயர் கிடைத்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், ஓய்வுபெற்ற ஆண்களைக் கூட்டிச் சேர்த்து ஒரு ஓட்டச் சங்கம் வைத்திருந்தவர். சங்கத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்கள் ஆளுக்கொரு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு தங்கள் நாடித்துடிப்பை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். வேலையில் இருந்தபோது மனைவியின் பிறந்தநாளை மறந்துபோனவர்கள், இப்போது ஒரு கிலோமீட்டரை எத்தனை நிமிடம் எத்தனை நொடியில் கடந்தார்கள் என்பதை மட்டும் மறப்பதில்லை. ஓடி முடித்ததும் ஓட்டலுக்குப் போய்ப் பூரி தின்றார்கள். ஓடிக் கரைத்ததைப் பூரியில் மீட்டுக்கொள்வதுதான் அந்தச் சங்கத்தின் மொத்தச் சாதனை என்று நான் நாயரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் பெரிதாகச் சிரித்தார். அவமானப்படத் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது?

நீங்கள் ஓடத் தொடங்கிய மூன்றாம் ஆண்டு சிங்க மாதத்தில், ஓணத்துக்கு முந்தின வாரம், மாடிப்படி ஏறும்போது உங்களுக்கு நெஞ்சை அடைத்தது. இருதய மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சோதனைகள் முடிந்ததும் அவர் நம் இருவரையும் உட்காரவைத்து, இரத்தக்குழாய் ஒன்றில் பாதிக்குமேல் அடைப்பு இருக்கிறது என்றார். மருந்து போதும், நடக்கலாம், ஓடக்கூடாது என்றார். அதற்கப்புறம் உங்கள் பாதத்தில் ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, சர்க்கரையினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது என்றும் சொன்னார். திரும்பும் வழியிலேயே நான் உங்களுக்கு ரப்பர் செருப்பு வாங்கினேன். நீங்கள் அடுத்த மாதம் ஓடுவதற்கு ஷூ வாங்கினீர்கள், கண்ணைக் குத்துகிற நீலத்தில்.

"டாக்டர் என்ன சொன்னார்னு காதுல விழல்லியா?"

"விழுந்துது டீச்சரே. அவருக்க ஜோலி பயமுறுத்தது. எனக்க நெஞ்சு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதா? சாலையில நாப்பது வருஷம் மூட்டைக்கு நடுவுல ஓடின நெஞ்சுல்லா இது?"

நீங்கள் என்னை டீச்சரே என்று கூப்பிடுவது கேலியா மரியாதையா என்று ஐம்பது ஆண்டுகளில் நான் முடிவு செய்யவில்லை. அன்றைக்கு அது கேலி.

மாரத்தானில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஓடுவதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்று விதி இருந்தது. அந்த ஒரு விதியாவது உங்களை நிறுத்தும் என்று நம்பினேன். கிருஷ்ணன் நாயருக்கு மைத்துனர் ஒருவர் இருந்தார், அவரும் டாக்டர்தான். பல் டாக்டர். உங்கள் வாயைத் திறந்துகூடப் பார்க்காமல், இருபத்தொரு கிலோமீட்டர் ஓடத் தகுந்த உடல்நிலையில் இருக்கிறீர்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஓட்டம் நடத்தியவர்களும் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். படித்தவர்கள் நிறைந்த மாநிலம் என்று நமக்குப் பேர். அந்தத் தாளைப் படித்தவர் ஒருவரும் இல்லை.

ஓட்டத்துக்கு முந்தின நாள் மாலை நாம் சண்டை போட்டோம். சண்டை என்பதைவிட, நான் பேசினேன், நீங்கள் ஷூ கயிற்றில் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் வில்லையைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்பது சரி. ஓடுகிறவர் எந்த இடத்தை எப்போது கடந்தார் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வில்லை. என் சொல்லைவிட அந்த முடிச்சு உங்களுக்கு முக்கியமாக இருந்தது.

"நீ சங்குமுகத்துக்கு வரணும் டீச்சரே. நான் ஓடி முடிக்கத நீ பாக்கணும்."

"வரமாட்டேன். பொணம் தூக்க ஆள் வேணும்னா உங்க நாயர் இருக்கார்."

"அவனா? எனக்க பொணத்தைத் தூக்க அவனுக்கு மூச்சு காணாது." நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் சிரிக்காமல் சொன்னீர்கள்: "கட்டில்ல கிடந்து சாவதுக்கு ரோட்டுல ஓடிச் சாகலாம்லா."

அது உங்கள் வாக்கியமில்லை. அந்தச் சங்கத்தில் யாரோ எங்கேயோ படித்துவிட்டுச் சொன்னதை நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். சாவைப் பற்றித் துணிச்சலாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் தாங்கள் செத்த பிறகும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கப்போவதாக நினைத்துக்கொள்கிறார்கள். மருத்துவமனைக்கு ஓடுவதும், வராந்தாவில் உட்கார்ந்திருப்பதும், கையெழுத்துப் போடுவதும் வேறொருத்தி என்பது அவர்கள் மனதில் வருவதேயில்லை. அதைத்தான் நான் அன்று சொன்னேன். நீங்கள் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனீர்கள்.

மறுநாளைய கதையை நீங்கள் எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டீர்கள். உங்கள் வாயால் கேட்ட அதே வரிசையில் என்னாலும் சொல்ல முடியும். சங்குமுகம் கடற்கரையில் இருட்டு விலகும் முன்பே கிளம்பினீர்கள். பேட்டை, பாளையம், வெள்ளயம்பலம். கவடியார்வரை போய்த் திரும்பினீர்கள். கவடியாரில் அரண்மனையைப் பார்த்ததாக நீங்கள் பெருமையாகச் சொன்னபோது, "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "போற போக்குல ஒரு கேட்டு தெரிஞ்சுது" என்றீர்கள். கோட்டைக்குள் இருக்கும் பழைய மணிக்கூண்டில் தாடிக்காரன் முகம் ஒன்று மணிக்கொரு தரம் வாயைத் திறக்கும், இரண்டு ஆடுகள் அவன் கன்னத்தில் முட்டும். உங்கள் கடையிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். நாற்பதாண்டில் ஒருநாள்கூட நின்று பார்க்காதவர், அதன் அருகிலேயே ஓடி, 'சரித்திரத்தின் வழியாக ஓடினேன்' என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள்.

கிழக்கேகோட்டைக்கு நீங்கள் வந்து சேர்ந்தபோது பதினைந்து கிலோமீட்டர் முடிந்திருந்தது. இன்னும் ஆறு. அங்கே பிள்ளையார் கோயில். உலகத்தில் வேறெந்த ஓட்டக்காரனும் செய்யாத காரியத்தைச் சாலைக் கடைக்காரராகிய நீங்கள் அங்கே செய்தீர்கள். புதுக் கடை திறந்தாலும், புதுக் கணக்கு எழுதினாலும், பிள்ளை பரீட்சைக்குப் போனாலும், சரக்கு லாரி கிளம்பினாலும், அந்தப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் சாலைக்காரர் யாரும் அடியெடுத்து வைப்பதில்லை. ஓட்டத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே நீங்கள் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னீர்கள்: "பதினஞ்சு கிலோமீட்டர் கொண்டுவந்து விட்டதுக்கு ஒண்ணு, மிச்சம் கொண்டுபோறதுக்கு ஒண்ணு. ரெண்டு தேங்கா." கிருஷ்ணன் நாயர் தலையிலடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஓடும்போ நின்னா காலு பிடிச்சிரும்! வீட்டுலேயிருந்து கும்பிட்டா போராதா?" போதாது. வாசலில் ஷூவைக் கழற்றினீர்கள். செருப்பு வைக்கும் இடத்தில் கொடுத்தால் நேரமாகும் என்று படியோரத்தில் விட்டீர்கள். இரண்டு தேங்காயையும் உடைத்துவிட்டுத் திரும்பினால், ஷூ இல்லை.

இதற்குப் பிறகு கதை சொல்லும்போது உங்கள் குரலே மாறும். "ஒரு நிமிஷம் நின்னேன். சுத்திப் பாத்தேன். பிள்ளையாரே, ஷூவும் நீ எடுத்துக்கோன்னு சொல்லிட்டு ஓடினேன்." வெறுங்காலில், தார்ச்சாலையில், வெயில் ஏறிய பிறகு, ஆறு கிலோமீட்டர். சங்குமுகத்தில் கூட்டம் ஆரவாரம் செய்ததாம். யாரோ மெடலை மாட்டினார்களாம். கம்ப்யூட்டர் மட்டும் ஆரவாரம் செய்யவில்லை. வில்லை ஷூவோடு போய்விட்டதால், கவடியாருக்குப் பிறகு உங்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் வெளியிட்ட பட்டியலின்படி நீங்கள் இன்னும் ஓடி முடிக்கவில்லை.

அன்று பத்து மணிக்கு நாயரின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினீர்கள். இரண்டு பாதங்களிலும் துண்டு சுற்றியிருந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சரே, அண்ணாச்சி புலியாக்கும் கேட்டோ! புலி!" என்றார் நாயர்.

"புலிக்குத்தான் ஷூ வேண்டாம். இவருக்கு வேணும்," என்றேன். துண்டை அவிழ்த்தேன். கொப்புளங்களை எண்ண முடிந்தது. வலது பெருவிரலின் அடியில் ஒரு கண்ணாடித் துண்டு புதைந்திருந்தது. அதை இடுக்கியால் இழுத்தபோது நீங்கள் நாயரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். துணிச்சலால் அல்ல. உங்களுக்குத் தெரியவேயில்லை.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அறுபத்தொன்பது வயதில் வெறுங்காலோடு ஓடிய வியாபாரி. ஓட்டச் சங்கம் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தியது. கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து மனவலிமையைப் பற்றிப் பேசினார்கள். பல் டாக்டரும் பேசினார். உங்கள் கால் கட்டுக்குள் என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் பாராட்டினாங்க. எனக்க வீட்டுக்காரி மட்டும் பாக்க வரல்லே" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் உதட்டை விரித்துவைத்தேன். அந்தக் குறையை நீங்கள் அதன்பின் விடவேயில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில்கூடச் சொன்னீர்கள்.

மூன்றாவது வாரம் பெருவிரல் கறுத்தது. ஆறாவது வாரம் அதையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஓடவில்லை. நடப்பதே ஒருபக்கமாகச் சாய்ந்துபோயிற்று. சங்கத்தார் முதல் மாதம் பழங்களோடு வந்தார்கள், இரண்டாம் மாதம் போன் செய்தார்கள். நாயர் மட்டும் கடைசிவரை வந்தார், அதை நான் மறுக்கமாட்டேன். வந்து தன்னுடைய புதிய கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

புண் ஆற எட்டு மாதம் ஆனது. தினமும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நான் கட்டு மாற்றினேன். உப்புக் கரைசலை அளந்து காய்ச்சி ஆறவைத்து, ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோலச் செய்தேன். பேச்சு வேண்டாம் என்றுதான் குனிந்தே இருப்பேன். உங்களுக்கு அந்த நேரத்தில்தான் பேச்சு வரும்.

"அந்தக் கள்ளன் இப்போ அந்த ஷூவைப் போட்டுட்டு எங்க நடக்கானோ."

"காலை ஆட்டாதீங்க."

"பாவப்பட்டவனா இருப்பான். பிள்ளையார் வாசல்ல எடுக்கான்னா, அவனுக்கு என்ன கஷ்டமோ. ஒண்ணு மட்டும் மனசிலாவல்லே டீச்சரே. பழைய ஷூ, வேர்த்து நாறின ஷூ. வாசல்ல புதுச் செருப்பு எத்தனை கிடந்துது. அதை விட்டுட்டு இதை எடுப்பானா?"

நான் பஞ்சை மாற்றினேன். நீங்கள் முட்டாளில்லை. நாற்பதாண்டு கடை நடத்தியவர், வந்து நிற்கிறவன் ஆணி வாங்க வந்தானா வேடிக்கை பார்க்க வந்தானா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவர். அந்தக் கேள்வியோடு நீங்கள் என் தலையுச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. நான் நிமிரவில்லை.

அதன்பிறகு ஏழாண்டு இருந்தீர்கள். முடிவில் உங்களைக் கொண்டுபோனது சிறுநீரகம். கடைசி வாரத்தில் மருத்துவர் கருவியைப் பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லா தாங்குது" என்று என்னிடம் ஆறுதலாகச் சொன்னார். எந்த உறுப்புக்காக நான் அந்த ஆண்டு முழுவதும் தூங்காமல் இருந்தேனோ, அது மற்றவையெல்லாம் நின்ற பிறகும் அடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் கேட்டிருந்தால் சங்கத்துக்குப் போன் செய்து சொல்லியிருப்பீர்கள்.

இன்று பத்து மணிக்கெல்லாம் தெரு வெறிச்சென்றாகிவிட்டது. தடுப்புகளை லாரியில் ஏற்றினார்கள். பிந்து என் கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்து, "டீச்சர் நின்னது நல்ல போட்டோ கிட்டி" என்றாள். பால் பாத்திரத்தோடு முகத்தைச் சுளித்துக்கொண்டு நான் நிற்கும் படம். அதன் கீழே 'ஊக்கமளிக்கும் மூத்தோர்' என்று போடப்போகிறார்கள். போடட்டும். அந்தப் பெயருக்கு நான் எவ்வளவு தகுதியானவள் என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கங்கள்.

சங்குமுகத்துக்கு நான் வரவில்லை என்பது உண்மை. கிழக்கேகோட்டைக்கு வந்தேன்.

நீங்கள் அதிகாலையில் நாயரோடு போன பிறகு முதல் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டத்துக்காகச் சாலையை அடைத்திருந்ததால் பஸ் கிள்ளிப்பாலத்தோடு நின்றுவிட்டது. சாலைத் தெரு வழியாக நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டியிருந்தன. நம் பழைய கடையின் பலகையில் வேறு பேர் இருந்தது. பிள்ளையார் கோயிலுக்கு எதிரே தேங்காய்க் கடையின் மறைவில் நின்றேன். கையில் காய்கறிக்குக் கொண்டுபோகும் துணிப்பை. அரைமணி நேரம் கழித்து நீங்கள் வந்தீர்கள். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடி வந்தீர்கள். முகம் சிவந்திருந்தது. எனக்கு அது மருத்துவர் சொன்ன அடைப்பாகத்தான் தெரிந்தது.

நீங்கள் ஷூவைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பியதும் போய் எடுத்துப் பையில் போட்டேன். உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு கிழவர் திரும்பி, "அது ஒரு ஆளோடதாணே" என்றார். "எங்க வீட்டுக்காரரோடது" என்றேன். உண்மையைச் சொல்லித் திருடியவள் அந்த வாசலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நான் தேங்காய்க் கடைக்குப் பின்னால் போனேன்.

என் திட்டம் எளிமையானது. ஷூ இல்லை என்றதும் நீங்கள் நாலு வசவு வைவீர்கள், அலுத்துக்கொண்டு ஆட்டோ பிடிப்பீர்கள், வீட்டுக்கு வந்து என்னிடம் எரிந்துவிழுவீர்கள், உயிரோடு இருப்பீர்கள். நாற்பத்துமூன்று ஆண்டுகள் கூட வாழ்ந்த ஒருவரைப் பற்றி இவ்வளவு தவறாகக் கணித்தவளுக்கு யார் பட்டம் கொடுத்தார்களோ தெரியவில்லை. நீங்கள் மற்றவர்களுடைய செருப்புகளைக் காலால் ஒதுக்கிப் பார்த்தீர்கள். உங்கள் பாதங்களைப் பார்த்தீர்கள். சிரித்தீர்கள். பிறகு ஓடத் தொடங்கினீர்கள்.

அந்த ஷூவைத் திரும்பும்போது கிள்ளியாற்றில் போட்டேன். அது முக்கியமில்லை. இருதயத்தை நினைத்த பதற்றத்தில் பாதத்தை மறந்துவிட்டேன் என்று முதல் ஓராண்டு எனக்கு நானே சொல்லிவந்தேன். அதுவும் பொய். நீங்கள் முதல் அடியை வைத்ததுமே பாதம் நினைவுக்கு வந்தது. மருத்துவரின் ஊசி நினைவுக்கு வந்தது. நான் வாங்கிக்கொடுத்த ரப்பர் செருப்பு நினைவுக்கு வந்தது. நமக்கிடையே பத்தடி தூரம்தான் இருந்தது, ஷூ என் பையில் இருந்தது.

நம் வீட்டுப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடவுளைக்கூடக் கேள்வி கேட்ட நான் அதை மட்டும் மீறியதில்லை. அந்தக் கூட்டத்தில் 'இங்க பாருங்க' என்று கத்தியிருந்தால் நாற்பது ஆண்கள் திரும்பியிருப்பார்கள். கூப்பிட ஒரு சொல் இல்லாததால்தான் கூப்பிடவில்லை என்று அடுத்த சாக்கைக் கண்டுபிடித்து, அதைப் பன்னிரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன். உங்களுக்குச் செருப்பு மாட்டிவிடும்போதெல்லாம் அது என்னோடு குனிந்திருந்தது.

பேர் வந்தது. நாக்கின் நுனிவரை முழுதாக வந்தது. நீங்கள் திரும்பினால் என் கையிலிருக்கும் பையைப் பார்ப்பீர்கள் என்ற எண்ணமும் கூடவே வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் கோட்டை வாசலைத் தாண்டி மறையும்வரை மூடியே வைத்திருந்தேன்.